பதில் சொல்லத் தகுந்தவர்

"இருபது நாள். இருபதுன்னு எழுது. கடைசி நாலு நாள் காய்ச்சல், அப்புறம்..."

"எந்த வீட்டுக் கதையை எங்க வந்து சொல்றா இவ? இருபது நாளாம்! ஒரு வருஷத்துக்கு மேல..."

"அண்ணி, கேள்வி கேட்டது என்னை."

"...ஒரு வருஷத்துக்கு மேல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருமினான் என் தம்பி. குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாது அவனால. இவ இருபது நாள்ங்கிறா!"

"ஒரே வீட்டுல இருந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"நீயா? நீ எங்க இருந்த? செத்தவங்க வீடு ஒண்ணு பாக்கி இல்லாம போய் உக்காந்திருந்த. உசிரோட இருந்தவன் வீட்டுல எப்ப இருந்த?"

"அண்ணி!"

"என்ன அண்ணி? சொல்லு, என்ன அண்ணி?"

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள் பேனாவுக்கு மூடி போட்டாள். மடியில் இருந்த படிவத்தையும் மூடினாள். பன்னிரண்டு பக்கம், ஓரத்தில் கம்பியால் தைத்தது.

"அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து பேசினா நான் எழுந்து கிளம்பிடணும். இதை உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

சொல்லித் தர வேண்டியதில்லை. பதினொரு வருடமாக அந்த விதியை நானூற்றுச் சொச்சம் வீடுகளில் சொன்னவளே இறந்தவரின் மனைவிதான்.

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குக் களப்பணி. தெருக்களில் அவளுக்குக் 'கேள்விக்காரி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது, ஊர் வாயில் இருந்தது இதுதான். கல் பட்டறைகளைச் சுற்றியுள்ள ஆறு தெருக்களில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவள் போவாள். உடனே இல்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் போகக் கூடாது, ஆறு மாதத்துக்கு மேல் தள்ளவும் கூடாது. துக்கம் கொஞ்சம் ஆறியிருக்க வேண்டும். ஞாபகம் ஆறிவிடக் கூடாது. போய் உட்கார்ந்து, செத்தவருக்கு என்னென்ன செய்தது, எத்தனை நாள் செய்தது, என்ன மருந்து சாப்பிட்டார் என்று நூற்றுப் பத்துக் கேள்வி கேட்பாள். பெரும்பாலான கேள்விகளுக்கு மூன்றே கட்டம்: ஆம், இல்லை, தெரியாது.

'மூச்சு விட சிரமப்பட்டாரா?' என்று கேட்டால், 'அது நின்னதாலதானேம்மா நீ வந்திருக்க' என்பார்கள். 'பசி எடுத்ததா?' என்று கேட்டால், 'அவருக்கா? சாகற அன்னிக்குக் கூட எனக்கு வெச்சதையும் சேத்துச் சாப்பிட்டாரு' என்று ஒரு கிழவி சிரித்துவிட்டு, உடனே அழுதிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் இவள் முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பாள். முதல் நாள் பயிற்சியிலேயே சொன்னார்கள்: கேள்வியைக் கேள், வாயை மூடு, மனதுக்குள் பத்து எண்ணு. பதிலை நீ எடுத்துக் கொடுக்காதே. ஆறு, ஏழு எண்ணுவதற்குள் ஆட்கள் பேசிவிடுவார்கள். பத்தைத் தாண்டியும் பேசவில்லை என்றால் 'தெரியாது' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ.

இப்போது சாவு விழுந்தது அவள் வீட்டில். பத்து வாரம் ஆகிறது. சொந்த வீட்டுப் படிவத்தை யாரும் தானே போடக் கூடாது என்பது இன்னொரு விதி. அதனால் அடுத்த பகுதியைப் பார்க்கிறவள் வந்திருந்தாள். நிலைவாசலில் குனிந்துதான் வருவாள். எல்லாருக்கும் அவள் 'நெட்டை'. மாதக் கூட்டம் முடிந்தால் இருவரும் ஒன்றாகத்தான் பேருந்து ஏறுவார்கள். இந்த வீட்டில் அவள் குடித்த டீயைக் கணக்குப் பார்க்க முடியாது. இன்றைக்கு வந்ததும், "டீ போடவா?" என்று கேட்டதற்கு, படிவத்தை எடுத்துக்கொண்டே, "வேணாம்க்கா, தண்ணி மட்டும்" என்றாள். படிவம் போடப் போன வீட்டில் தண்ணீர் தவிர எதுவும் வாங்கக் கூடாது. அதுவும் விதிதான். அந்தத் தம்ளர் தண்ணீரை நீட்டிய நிமிடத்தில்தான் கேள்விக்காரிக்குத் தன் வீடும் ஒரு 'வீடு' ஆகிவிட்டது என்று உறைத்தது.

மூன்றாவது ஆள் நாத்தனார். இறந்தவருக்கு அக்கா. கல் பட்டறைக்குப் பின்சுவரை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்து துணி தைக்கிறவள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் நெட்டையின் தலை தெரிந்ததுமே, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கூடக் கழற்றாமல் வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சரி," என்றாள் நெட்டை. "சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. முதல் பக்கத்தையே நான் இன்னும் முடிக்கல. பதில் சொல்லத் தகுந்தவர் யாருன்னு அதுல எழுதணும்."

"பொண்டாட்டி," என்றாள் கேள்விக்காரி. "எழுது."

"பொண்டாட்டின்னு அதுல போட்டிருக்கா?" என்றாள் நாத்தனார்.

என்ன போட்டிருக்கிறது என்பது இரண்டு பணியாளர்களுக்கும் மனப்பாடம். கடைசி நோயின்போது இறந்தவரை நெருக்கமாகப் பார்த்தவர், அவருடைய உடல் நிலையை நன்றாக அறிந்தவர். உறவு முறை அடுத்த வரியில்தான் வருகிறது.

"அக்கா, மரணச் சான்றிதழ்ல என்ன போட்டிருக்கு?"

"இதயமும் மூச்சும் நின்னதால மரணம்னு போட்டிருக்கு."

"எல்லாருக்கும் அதானே நிக்குது," என்றாள் நாத்தனார். "இதைச் சொல்ல ஒரு டாக்டரா?"

வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த ஆராய்ச்சியே நடக்கிறது. மூச்சு நின்றது சரி, எதனால் நின்றது? ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மருத்துவர்கள் இந்தப் படிவத்தைத் தனித்தனியாகப் படிப்பார்கள். இருவரும் ஒரே காரணம் எழுதினால் அதுதான் காரணம். இருபத்தாறு வருடம் கல் அறுத்து மெருகு போட்ட ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் இருமல், நடந்தால் மூச்சு வாங்கல், எடை குறைவு என்று படித்தால், இரண்டு பேருமே கல் தூசி என்று எழுதுவார்கள். அந்த ஆறு தெருக்களின் கணக்கில் ஒன்று கூடும். பட்டறையில் தண்ணீர் தெளித்து அறுக்க வேண்டும், வாய்க்கு மூடி தர வேண்டும் என்று கேட்பதற்கு அந்தக் கணக்கு ஒன்றுதான் கையில் இருக்கிறது. இருபது நாள் இருமல், நாலு நாள் காய்ச்சல் என்று படித்தால், ஏதோ நிமோனியா என்பார்கள். ஒருவர் அப்படி, ஒருவர் இப்படி என்றால், 'காரணம் தெரியவில்லை.'

இது கேள்விக்காரிக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் வாய் இருபது என்றுதான் சொன்னது. ஒரு வருடம் என்று ஒத்துக்கொண்டால் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. அதைப் படிவம் கேட்காது. அவளேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் யார் இருமினாலும் எத்தனை நாளாக என்று கேட்டவள், ஒரே கூரைக்குக் கீழே ஒரு வருடம் என்ன செய்துகொண்டிருந்தாள்?

"எனக்குத் தெரிஞ்சது இருபது நாள்," என்றாள். "பொய் சொல்லல நான்."

"பொய்னு யாரு சொன்னா? உனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்னு சொல்றேன்."

"அண்ணி, தினமும் காலையில ஆறரைக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் காலியா வந்துச்சு. ஒரு நாள் மிச்சம் வந்ததில்ல. பசி இல்லாதவர், நோய் வந்தவர் அப்படிச் சாப்பிடுவாரா?"

நாத்தனார் அளவு நாடாவை விரலில் சுற்றினாள். பிறகு அவிழ்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"அந்த டப்பாவை யாரு கழுவினான்னு நினைச்ச?"

"அவர்தான்."

"அவன் ஜென்மத்துல ஒரு கரண்டி கழுவியிருக்கானா? நான்தான் கழுவி அனுப்பினேன். மத்தியானம் மணி அடிச்சதும் பின்பக்கமா வந்துடுவான். பட்டறை வாசல் வரைக்கும் நடந்து போய் மத்தவங்களோட உக்காந்தா மூச்சு வாங்கறது தெரிஞ்சிடும்ல? என் வீட்டுல, மிஷினுக்குப் பக்கத்துல ஒரு பாய். வந்ததும் சாஞ்சிடுவான். நாலு வாய் சாப்பிடுவான், மிச்சத்தை நான் சாப்பிடுவேன். உன் கைச் சமையலை ஒரு வருஷமா சாப்பிட்டது நான்தான்மா. உப்பு கொஞ்சம் தூக்கல்."

வெளியே தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பட்டறைக்கு விடுமுறை நாள்; கல் அறுக்கும் சத்தம் இல்லாமல் தெரு காது அடைத்ததுபோல் கிடந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள் கேள்விக்காரி. யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நான் சொல்லலயா? பத்துத் தடவை சொன்னேன் அவன்கிட்ட, வீட்டுல சொல்லுடான்னு. என்ன சொன்னான் தெரியுமா? 'அவகிட்ட சொன்னா நான் ஆள் இல்லக்கா, படிவம். எத்தனை நாளா, சளி என்ன கலர்ல, படி ஏறினா வாங்குதா, படுத்தா வாங்குதா... ஆமாவா, இல்லையா, தெரியாதா. மூணு கட்டம்தான் அவகிட்ட. நாலாவதா ஒண்ணு இருந்தா அதுல போய் உக்காந்துக்குவேன்'னு சிரிச்சான். சிரிச்சதும் இருமல் வந்துடுச்சு. அப்புறம் நானும் கேக்கல."

கேள்விக்காரியின் கை, மேஜைமேல் இருந்த தண்ணீர்த் தம்ளரை ஒரு அங்குலம் நகர்த்தி வைத்தது. மறுபடியும் பழைய இடத்துக்கே நகர்த்தியது.

அவளுக்கு ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி ஞாபகம் வந்தாள். மூன்று வருடம் இருக்கும். கணவனைப் பற்றி என்ன கேட்டாலும் தெரியாது, தெரியாது என்றாள். கூட லாரியில் போனவன்தான் எல்லாம் அறிந்தவன் என்று தெரிந்தது. 'நீங்க கொஞ்சம் உள்ள இருங்கம்மா' என்று இவள்தான் பதவிசாகச் சொன்னாள். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய், ஒரு பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். ஒரே பாத்திரம். ஒன்றரை மணி நேரம். படிவத்தின் கடைசிப் பக்கத்தில், 'பேட்டியின்போது இடையூறு ஏதேனும்' என்ற இடத்தில், 'பாத்திரச் சத்தம்' என்று இவள் எழுதினாள். எழுதிவிட்டு மறந்தும் போனாள்.

"அக்கா," என்றாள் நெட்டை மெதுவாக. "நான் வேணும்னா இன்னொரு நாள் வரேன். யோசிச்சு வைங்க."

"எதுக்கு இன்னொரு நாள்? ஆறு மாசத்துக்குள்ளதானேன்னு தள்ளிப் போடறவங்களைப் பத்தி நாம ரெண்டு பேரும் எவ்வளவு பேசியிருக்கோம்." கேள்விக்காரி எழுந்தாள். முழங்கால் ஒரு சத்தம் போட்டது. "அண்ணி சொல்லட்டும். பதில் சொல்லத் தகுந்தவர், அக்கான்னு எழுது. அடுத்த வரியில உறவு முறை கேக்கும், அங்கயும் அதையே எழுது."

"நீங்க?"

"நான் கொஞ்சம் உள்ள இருக்கேன்."

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரை மட்டும். அவள் சென்று மேடை ஓரமாக நின்றாள். கை தானாக ஒரு பாத்திரத்தை எடுத்தது. எடுத்த பிறகுதான் பார்த்தாள். அந்தச் சாப்பாட்டு டப்பா. குழாயைத் திறக்கப் போனவள் திறக்கவில்லை. சத்தம் வரும். டப்பாவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"இருமல் இருந்ததா?"

"இருந்தது."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

"நடக்கும்போது மூச்சு வாங்குச்சா?"

"என் வீட்டு வாசல்ல மூணு படி. ஒரு படிக்கு ஒரு தடவை நிப்பான். கேட்டா, 'உன் வாசல்ல காத்து நல்லா வருதுக்கா'ம்பான். காத்தா வருது அங்க? கல்லு மாவுதான் வருது. காலையில துடைச்சா மத்தியானம் விரலால பேரு எழுதலாம்."

"மூச்சு வாங்குச்சு... ஆம்," என்று நெட்டையின் குரல் தாழ்ந்து ஓடியது.

வரிசை கேள்விக்காரிக்குத் தெரியும். அடுத்தது எடை. அதற்கு அடுத்தது படுக்கும் நிலை. ஒவ்வொரு கேள்வியும் வருவதற்கு முன்னால் அவள் உதடு அதைச் சொன்னது. பதில்தான் ஒன்றும் தெரிந்ததாக இல்லை. படுத்தால் மூச்சு முட்டியதால் உட்கார்ந்தே தூங்கினான் என்றாள் நாத்தனார். கூடத்து நாற்காலியில் தூங்குகிறாரே என்று கேட்டபோது, 'உள்ள நீ லைட்டைப் போட்டுக்கிட்டு எழுதற, கண்ணு கூசுது' என்று அவர் சொன்னது இவளுக்கு நினைவு வந்தது. லைட்டை அணைக்கவில்லை இவள். மேஜை விளக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று நினைத்தாள், அதோடு சரி.

இடுப்பு வார் இரண்டு துளை உள்ளே போனதால், தானே மூன்றாவது துளை போட்டுக் கொடுத்ததாகச் சொன்னாள் நாத்தனார்.

"மருந்து ஏதாவது சாப்பிட்டாரா? சீட்டோ அட்டையோ இருந்தா நான் பாக்கணும்."

"கொண்டு வந்திருக்கேன்."

ஏதோ தகர டப்பாவின் மூடி திறக்கும் சத்தம். திரையின் ஓரத்து இடுக்கில் அது தெரிந்தது. பிஸ்கட் வந்த டப்பா, நூல்கண்டு போட்டு வைத்திருந்தது போல, அடியில் இன்னும் ஒரு சிவப்பு நூல். அதற்குள் காலியான மாத்திரை அட்டைகள். ஒன்றைக் கூடத் தூக்கி எறியவில்லை போலிருக்கிறது. நெட்டை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பெயரை எழுதினாள். ஐந்தாவது அட்டையில் அவள் கை நின்றது.

"இது... இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. டாக்டர் எழுதிக் கொடுத்ததா?"

"மருந்துக் கடைக்காரர் கொடுத்தது. 'மூச்சுக்கு நல்லதுண்ணே'ன்னாராம். நல்லாத்தான் இருந்தது. போட்டா ரெண்டு மணி நேரத்துல எழுந்து உக்காருவான். அதைப் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்கே போவான்."

"எத்தனை மாசம்?"

"எட்டு, ஒன்பது மாசம். தினமும்."

அந்த மாத்திரையைத் திரைக்கு இந்தப்பக்கம் நின்றவள் நன்றாக அறிவாள். இந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு பார்த்ததுதான். நோயைத் தொடாது, நெஞ்சுக்குள் வீக்கத்தை அமுக்கி, ஆளுக்குத் தெம்பு வந்ததுபோல் காட்டும். உள்ளே எதிர்க்கிற சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், கடைசியில் ஒரு காய்ச்சல் வந்தாலும் தாங்காது. அந்த மாத்திரை உடம்பில் காட்டும் அடையாளத்துக்கென்றே படிவத்தில் தனிக் கேள்வி வைத்திருக்கிறார்கள். அது எண்பத்தேழு. அதை இப்போது நெட்டை கேட்கப் போகிறாள். கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

"முகம் உப்பியிருந்ததா?"

"ஆமா. கன்னமெல்லாம் வட்டமா."

கேள்விக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நாள் காலையில் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது அவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். எத்தனையோ வருடம் கழித்து அவரை அப்படித் தொட்டது. 'என்ன இது, கன்னம் வந்திருக்கு? எனக்குத் தெரியாம எங்கயோ நல்லா சாப்பிடறீங்க' என்றாள். அவர் சிரித்தார். டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். அன்று முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது. அதே வாரம் நாலு வீட்டில் போய், முகம் உப்பியிருந்ததா என்று கேட்டிருக்கிறாள்.

கூடத்தில் கேள்வி பின்னுக்குத் திரும்பியது. முதலில் விட்ட ஒன்று.

"இருமல் எந்த மாசம் ஆரம்பிச்சதுன்னு ஞாபகம் இருக்கா?"

"மாசமா... ஒரு வருஷத்துக்கு மேல, அது நிச்சயம். ஒன்னேகாலா, ஒன்றரையா... என்கிட்ட வர ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே இருந்திருக்கு. எப்பன்னு தெரியலயே."

"ஏதாவது ஒரு விஷயத்தை வெச்சு யோசிங்க. மழைக்கு முன்னாலயா, பின்னாலயா?"

நெட்டை வாயை மூடிக்கொண்டாள். பத்து எண்ணுகிறாள் என்று இவளுக்குத் தெரியும். இவளும் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... நாலில் அவளுக்கு டீவி நினைவு வந்தது.

டீவியின் சத்தம். அவர் எதையும் பார்க்கிற ஆள் இல்லை. திடீரென்று ஒரு சமயம் சாயங்காலம் ஆனால் டீவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைக்க ஆரம்பித்தார். செய்தி, பாட்டு, யாரோ ஒருவர் பிளாஸ்டிக் வாளி விற்பது, எதுவானாலும் சரி. உள்ளே இருந்து இவள் கத்துவாள்: 'அதைக் கொஞ்சம் குறைங்க, நான் எழுதணும்.' குறைப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும். காது மந்தமாகிவிட்டது, பட்டறைச் சத்தத்தில் காது போகும் என்று ஒரு ஆராய்ச்சி கூட இருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் கோபத்தில் கடைக்குப் போய்ப் பஞ்சு வாங்கி வந்து, காதில் வைத்துக்கொண்டு எழுதினாள். அன்றைக்கு எழுதியது நிலையத்தின் அந்த வருடக் கணக்கெடுப்பின் முதல் வீட்டுப் படிவம். தேதி கூடச் சொல்ல முடியும்.

திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். டப்பா இன்னும் கையில் இருந்தது.

"டீவி சத்தமா வெச்ச மாசம்," என்றாள். "போன வருஷக் கணக்கெடுப்புக்கு முன்னால. அப்பதான் ஆரம்பிச்சிருக்கு. இருமல் எனக்குக் கேக்கக் கூடாதுன்னு வெச்சிருக்காரு."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். "டீவியா? அவனா? டீவின்னாலே தலைவலிம்பானே."

"அதான் அண்ணி. அதான் சொல்றேன். பதினாறு மாசம்." நெட்டையின் பேனாவைப் பார்த்தாள். "எழுது. பதினாறு."

நெட்டை எழுதவில்லை.

"அக்கா..."

"என்ன?"

"நீங்க சொல்றதை நான் எழுதக் கூடாது. பதில் சொல்றவங்க இவங்க." பேனாவால் நாத்தனாரைக் காட்டினாள். "இவங்களைக் கேட்டு, அப்படி இருக்குமான்னு நான் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. ஒரு வருஷத்துக்கு மேலன்னு போட்டா போதும்க்கா. டாக்டருங்களுக்கு அது போதும்."

"போதுமா?"

"போதும்."

"சரி," என்றாள் கேள்விக்காரி. அவள் கையில் இருந்த ஒரே பதில் அதுதான். அதை மறுபடியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மிச்சக் கேள்விகள் சீக்கிரம் முடிந்தன. கடைசியில், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். நெட்டை வாசித்தாள். எழுத்து நடையில், யாருடைய குரலும் இல்லாமல். "இறந்தவர் கல் பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவர். ஓராண்டுக்கு மேலாக இருமலும் மூச்சிரைப்பும் இருந்துள்ளன. மதிய நேரங்களில் சகோதரியின் வீட்டில் ஓய்வெடுத்து வந்துள்ளார்..." மனைவி என்ற சொல் வரும் என்று கேள்விக்காரி திரைக்குப் பின்னால் காத்திருந்தாள். பன்னிரண்டு வரியில் அது வரவில்லை. வர வேண்டிய இடம் எதுவும் அதில் இருக்கவில்லை. நெட்டை ஒன்றையும் விட்டுவிடவில்லை, சரியாகத்தான் எழுதியிருந்தாள். தானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பாள்.

நாத்தனார் கையெழுத்துப் போட்டாள். நெட்டை பையை மாட்டிக்கொண்டு சமையலறைப் பக்கம் வந்து தலையைக் குனிந்து பார்த்தாள்.

"இடையூறு ஏதாவது இருந்ததான்னு ஒரு வரி இருக்கு. இல்லைன்னு போட்டுட்டேன்க்கா."

"சத்தம் போடாமத்தான் நின்னேன்."

"அடுத்த வாரம் கூட்டத்துக்கு வருவீங்கல்ல? வந்து ஒரு டீ குடிக்கலாம், வெளியில."

"வரேன்."

அவள் போய்விட்டாள். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அந்த அளவுக்குத் தெரு அமைதியாக இருந்தது. அப்பாவின் சாவுக்கு மகள் வெளியூரில் இருந்து பதினைந்து நாள் விடுப்பில் வந்து, பதினாறாவது நாள் போன பிறகு இந்த அமைதி இப்படித்தான் வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு இவள் என்ன செய்வது என்று தெரியாமல் டீவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். ஐந்து நிமிடம். பிறகு அணைத்துவிட்டாள்.

நாத்தனார் அட்டைகளைப் பொறுக்கி மறுபடியும் தகர டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள், ஒன்றன் மேல் ஒன்றாக, துணித் துண்டுகளை அடுக்குவது போல.

"அதை இங்கயே வெச்சுட்டுப் போங்களேன் அண்ணி."

"காலி அட்டைதானே? எதுக்கு உனக்கு?"

"சும்மா."

நாத்தனார் யோசித்தாள். மூடியை அழுத்தி மூடி, மேஜைமேல் வைத்தாள். உள்ளே கிடந்த சிவப்பு நூலின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் இழுத்து எடுத்துக்கொண்டாள்.

"நான் கத்திட்டேன்," என்றாள். "மனசுல வெச்சுக்காத. உனக்கும் ஒண்ணும் வேணும்னு நடந்ததில்ல."

"இல்ல அண்ணி."

"சாப்பிட்டியா நீ?"

"ம்."

"என்னத்த ம். ஒரு ஆளுக்கு யாரு சமைப்பா, எனக்குத் தெரியாதா." வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டினாள். இன்னொன்றைக் காலால் தேடினாள். "மத்தியானத்துல எனக்கும் கை ஒழிஞ்சு கிடக்கு இப்ப. மணி அடிச்சா இன்னும் பின்கதவைப் பாக்கறேன்."

கேள்விக்காரி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் கேள்வி கேட்ட வாய் அது. ஒன்றுக்குக் கூட இவ்வளவு நேரம் எடுத்ததில்லை.

"அண்ணி, ஒரு வருஷம், தினம் மத்தியானம் உங்ககூட இருந்தாரு. ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, ஞாபகம் இல்லைன்னாலும் சரி... என்னைப் பத்தி ஏதாவது பேசினாரா?"